பச்சைப் பொட்டு வைத்த பட்டன்

மேசையில் கீபோர்டுக்கு இடது பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறதே, உள்ளங்கை அகலத்தில், இருபது பட்டன்களோடு, ஓரத்தில் சிவப்பு விளக்கோடு, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பட்டன்களின் மேல் பாதி உரிந்துபோன ஸ்டிக்கர் பொட்டுகள் இருக்கும். ஒட்டியது நான்தான். போன வாரம் நான் கடைப் பக்கம் வந்தபோது, இப்போது என் மேசையில் வேலை பார்க்கிற உங்களில் ஒருத்தி, "இது என்னக்கா, எதுவும் வேண்டுதலா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முப்பது வருஷம் மன்னார்குடியில் இந்த ஒரே கடையில் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று டிசைன் செய்தவள் நான். சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்கள், வயதுக்கு வந்தவர்கள், கட்டிக்கொண்டவர்கள், செத்தவர்கள் எல்லோரும் என் கையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். சாஃப்ட்வேரை எப்படிக் கையாள்வது என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் சொல்லப்போவது ஒரு தப்பைப் பற்றி. அதைவிட முக்கியமாக, அந்தத் தப்புக்குப் பிறகு நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி. ஊரும் உறவும் உண்மை, பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியதும் என் வலது மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மவுஸை இழுத்தால் எந்தக் கைதான் தாங்கும்? டாக்டர் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். ஆவணி மாதத்தில் ஓய்வா? கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவரிடம் புலம்பினேன். அவர்தான் இதைக் கொண்டுவந்தார்.

"இது கேம் ஆடுறவங்க வச்சிக்கிறது மேடம். துப்பாக்கி சுடுற கேம். ஒரு பட்டனை அமுக்கினா பத்து வேலையை வரிசையா செய்யும். நீங்க எதைச் சொல்லிக்கொடுக்குறீங்களோ அதைச் செய்யும்."

"சுடுற சாமானை வச்சிக்கிட்டு நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கவா?" என்றேன்.

அவர் விடவில்லை. ஒரு மத்தியானம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எனக்கும் பிடித்துப்போயிற்று. நான்கு நாளில் இருபது பட்டனுக்கும் வேலை கொடுத்துவிட்டேன். எது எது என்று மறக்காமல் இருக்கத்தான் பொட்டு. சிவப்புப் பொட்டை அமுக்கினால் கல்யாணப் பத்திரிகை: பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம், பெயர் போடும் கட்டங்கள் எல்லாம் வந்து நிற்கும். மெரூன் பொட்டு மஞ்சள் நீராட்டுக்கு. மஞ்சள், கோயில் காரியத்துக்கு. கறுப்பு, அஞ்சலிக்கு. கடைசி வரிசையில் கட்டைவிரலுக்கு வாகாக இருந்த பட்டனுக்குப் பச்சைப் பொட்டு. அது முடித்து அனுப்புகிற பட்டன். நம் தமிழ் எழுத்து வேறு கம்ப்யூட்டருக்குப் போனால் உடைந்து கட்டம் கட்டமாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுத்தையெல்லாம் படமாக மாற்றி, அச்சகத்துக்கு வேண்டிய அளவுக் குறிகளைப் போட்டு, தனி ஃபைலாகச் சேமித்து அனுப்பிவிட்டு, மூல ஃபைலை மூடிவிடும். கையால் செய்தால் ஐந்து நிமிஷம். பச்சைப் பொட்டுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்.

கைவலி பாதியானது. வேலை இரட்டிப்பானது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். தலைக்கனம் எனக்கு எந்த வயதில் வந்தது என்று யாராவது கேட்டால் ஐம்பத்திரண்டு என்று சரியாகச் சொல்லிவிடுவேன்.

ஒரு தடவை மெரூனுக்குப் பதிலாகக் கறுப்பை அமுக்கிவிட்டேன். நீடாமங்கலத்துப் பெண் குழந்தையின் மஞ்சள் நீராட்டு பேனர் கறுப்புக் கரையோடு திரையில் வந்து நின்றது. குழந்தையின் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "அய்யய்யோ" என்று எழுந்துவிட்டாள். குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கச் சொல்லி, அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? கறுப்புப் பொட்டைக் கொண்டுபோய் எதிர் மூலையில் ஒட்டினேன். அவ்வளவுதான். பட்டனை இடம் மாற்றினேனே தவிர என்னை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் கடையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் வீட்டுக்காரர்களை எதிரில் நிற்கவைத்து, ஒவ்வொரு பெயராக உரக்கப் படிப்போம். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் "சரி" சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த பெயர். கடையில் காத்திருக்கும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "பெரியப்பாவுக்கு முன்னாடி சித்தப்பா பேரா?" என்று அங்கேயே சண்டை பிடித்துக்கொள்வார்கள். பிடிக்கட்டும். மண்டபத்தில் பிடிப்பதைவிட நம் கடையில் பிடிப்பது மேல். பத்திரிகையில் தேதி தப்பாக இருந்தால்கூட நம் பக்கத்து ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள், பெயர் விட்டுப்போனால் மன்னிக்க மாட்டார்கள். அது பெயர் இல்லை, உறவு.

போனில் மாதிரியை அனுப்புகிற காலம் வந்ததும் இந்தப் படிப்பு எனக்குத் தொந்தரவாகத் தெரிய ஆரம்பித்தது. போனில் பார்த்து ஓகே சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் எதற்குக் கச்சேரி? முதலாளி இரண்டு தடவை சொன்னார், "படிக்கிறதை விட்டுடாதீங்கம்மா." நான்தான் வாதாடினேன். பட்டன் ஒரு மூச்சில் முடிக்கிற வேலைக்கு நான் கால்மணி நேரம் கத்த வேண்டுமா என்று கேட்டேன். முதலாளி என்னோடு வாதாடி ஜெயித்ததில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

இப்போது கலியமூர்த்தி ஐயாவிடம் வருகிறேன்.

திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் உள்ள ஒரு கிராமத்துக்காரர். கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையுமாக நெல் பயிரிடுகிறவர். மகன் சரவணனுக்குக் கல்யாணம். அப்பாவும் மகனும் வந்து, கையால் எழுதிய பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க, "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று நாற்பது பேர் இருக்கும். டிசைன் செய்து மகனின் போனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு ஓகே சொன்னான்.

மறுநாள் ஐயா மட்டும் தனியாக வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"ஒரு பேரு சேர்க்கணும்மா. மூத்த பொண்ணு. வளர்மதி."

பட்டியலில் மூத்த மகளே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பெயர் முதலில் அல்லவா வர வேண்டும்?

"பதினொரு வருஷமாச்சு," என்றார். "தானா பார்த்துக் கட்டிக்கிட்டா. வேற ஆளுங்க. கீழ்வேளூர்ல இருக்கா. நான் வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன், மிதிக்கல. அவளும் என்னை மாதிரிதான், ரோஷக்காரி."

"முதல் வரியில போட்டுடவா ஐயா?"

"வேணாம்மா. பங்காளிங்க கண்ணுல பட்டா கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு பேச்சு வரும். அடியில இருந்தா போதும். கடைசி வரியா போடுங்க. அவ தேடிப் பார்ப்பா. அவ கண்ணுல பட்டுடும்."

அன்றைக்கு மின்வாரியப் பராமரிப்பு, இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் பதினொரு ஃபைல் தஞ்சாவூர் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மணி ஒன்றரை. பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் நின்றுகொண்டு என் முதுகையே பார்த்தார்கள். நான் ஃபைலைத் திறந்தேன். பெயர் டைப் செய்வதற்குத் திரையில் தனியாக ஒரு சின்னப் பெட்டி திறக்குமே, அதில் கடைசி வரியாக "வளர்மதி – அருள்தாஸ், கீழ்வேளூர்" என்று அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"பாருங்க ஐயா, வந்துடுச்சா?"

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் திரையைத் தொட்டார். மகள் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல உதடு அசைந்தது.

"வந்துடுச்சும்மா," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு தடவை எல்லாத்தையும் படிச்சுக் காட்டிடுறீங்களா? பெரியவனுக்குப் பத்திரிகை அடிச்சப்ப இங்கதான் படிச்சுக் காட்டினாங்க," என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் வைத்து, பெருமையாக, "அதெல்லாம் அந்தக் காலம் ஐயா. இப்ப எல்லாத்தையும் இதுவே பார்த்துக்கும்," என்று சொல்லிவிட்டுப் பச்சைப் பொட்டை அமுக்கினேன். ஃபைல் மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கு மின்னியது. ஐயா அந்த விளக்கைப் பார்த்து, கோயிலில் நிற்பவர்போல லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பெயர்க் கட்டத்தின் அளவு நான் சிவப்புப் பொட்டுக்குக் கற்றுக்கொடுத்த அளவு. நாற்பது பேரோடு அது நிரம்பிவிட்டது. ஒரு வரி கூடினால் கட்டத்துக்குள் இடம் இல்லை. அந்த வரி சின்னப் பெட்டியில் தெரியும், கட்டத்தில் தெரியாது. எழுத்து மிஞ்சுகிறது என்று கட்டத்தின் அடியில் ஒரு சின்னச் சிவப்புக் குறி வரும். கையால் செய்கிறவள் அதைப் பார்த்திருப்பாள். பட்டனுக்கு அதைப் பார்க்க நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டத்தில் தெரிந்ததை மட்டும் படமாக மாற்றி, மிஞ்சியதை விட்டுவிட்டு, அனுப்பிவிட்டது.

எட்டு நாள் கழித்துப் பத்திரிகைக் கட்டு பஸ்ஸில் வந்தது. ஐயா வந்து வாங்கிக்கொண்டு போனார். ஓகே சொல்லி அச்சடித்து வந்த பத்திரிகையை வீட்டில் யாரும் மறுபடி வரி வரியாகப் படிக்க மாட்டார்கள், உங்களுக்கும் தெரியும். மூலைகளில் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்தார்களாம். இரண்டாவதை அவர் யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு, பழம், ஒரு முழம் பூவோடு திருவாரூரில் பஸ் மாறிக் கீழ்வேளூர் போனார்.

அன்று சாயங்காலமே கடைக்கு வந்தார். கையில் அந்தப் பழப் பை. பழம் அப்படியே இருந்தது. பத்திரிகையை என் மேசையில் வைத்தார்.

"பேரு இல்லம்மா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"வாசல்லயே வச்சுப் பிரிச்சா. மேலேருந்து படிச்சா. நான் கீழ பாரும்மா, கீழ பாருன்னு சொல்றேன். கடைசி வரைக்கும் படிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. எனக்கு ஒண்ணும் விளங்கல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நானும் தேடுறேன். அவ கதவைச் சாத்தல. உள்ள போயிட்டா. நான் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். முதலாளி எழுந்து வந்து, கடைப் போனை எடுத்துக் காட்டினார். "உங்க பையன் ஓகே சொன்ன காப்பி இது ஐயா. இதுல அந்தப் பேரே இல்லையே."

"அதுக்கு மறுநாள் நான் வந்து சேர்த்தேங்க. இந்தம்மா எனக்குக் காட்டினாங்க. நான் தொட்டுப் பார்த்தேனே."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே நான் மூல ஃபைல், அச்சகத்துக்கு அனுப்பிய ஃபைல் இரண்டையும் திறந்து பார்த்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, என்ன நடந்தது என்று முழுக்கத் தெரிந்துவிட்டது. தொண்டை வரைக்கும் வந்தது. 'என் தப்பு ஐயா. நீங்க படிக்கச் சொன்னீங்க, நான் படிக்கல.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் படிக்க வேண்டாம் என்று முதலாளியிடம் வாதாடியவள் நான். பெஞ்சில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் வேடிக்கை பார்த்த பெட்டி என் கைக்கடியில் மின்னிக்கொண்டிருந்தது.

"மெஷின் தப்பு ஐயா," என்றேன். "சில நேரம் இப்படி ஆயிடும். புதுசா அடிச்சுத் தந்துடுறோம்."

"மெஷின் தப்பா?" என்று திருப்பிக் கேட்டார். அவர் முகத்தில் வெளிச்சம்கூட வந்தது. மகளிடம் போய்ச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. "அப்ப நான் அவகிட்ட அதைச் சொல்லிடுறேன்," என்றார். பையை எடுத்துக்கொண்டு, எனக்குக் கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனார்.

முதலாளி அன்று, "நல்லா சமாளிச்சீங்கம்மா," என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததற்கு ஒரு பாராட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது.

இரண்டு நாளில் புதுப் பத்திரிகை வந்தது. கட்டத்தைப் பெரிதாக்கி, வளர்மதி பெயரைப் பளிச்சென்று போட்டிருந்தேன். ஐயா மறுபடி கீழ்வேளூர் போனார் என்று சரவணன் சொன்னான். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு ஆயிரம் வேலை இருந்தது.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். போனேன். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. ஐயா பந்தியில் இல்லை, மேடையில் இல்லை. மண்டப வாசலில், சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வரவேற்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் அவர் ஒரு அடி முன்னால் வைப்பார். இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் வைப்பார்.

என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். "சொல்லிப் பார்த்தேம்மா," என்றார். "வர்றேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. சாப்பிட்டுட்டுப் போங்க."

அங்கேயாவது சொல்லியிருக்கலாம். கீழ்வேளூர் என்ன சீமையா? நானே ஒரு பஸ் ஏறிப் போய், அந்தப் பெண்ணின் வாசலில் நின்று, 'உன் பேரை விட்டவள் நான்' என்று சொல்லியிருந்தால் அரை நாள் வேலைதான் கெட்டிருக்கும். நான் சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. வெற்றிலை பாக்குப் பையை வாங்கிக்கொண்டு, அவர் பார்க்காத பக்கமாக வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு படித்துக் காட்டுவதை மறுபடி ஆரம்பித்தேன். முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. பச்சைப் பொட்டையும் நான் எடுக்கவில்லை. எழுத்து மிஞ்சினால் நிற்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தேன். கால்மணி நேரத்தில் கற்றுக்கொண்டது. பட்டனைத் திருத்துவது அவ்வளவு சுலபம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமலே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

சம்பா நடவு முடிந்த சமயம். ஒரு காலை நேரம் சரவணன் மொட்டைத் தலையோடு கடைக்குள் வந்தான். பின்னால் ஒரு பெண். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே நெற்றி, உள்ளே வந்தும் உட்காராமல் நிற்கிற அதே நிற்பு.

"அப்பா தவறிட்டாங்க," என்றான் சரவணன். "கருமாதிப் பத்திரிகை அடிக்கணும். இது எங்கக்கா."

பட்டியலைக் கொடுத்தான். அவனே எழுதியிருந்தான். முதல் வரி: மகள் வளர்மதி, மருமகன் அருள்தாஸ்.

கறுப்புப் பொட்டை நான் அமுக்கவில்லை. கையாலேயே எல்லாவற்றையும் போட்டேன். மணிக்கட்டு வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டேன். முடித்ததும் படிக்க ஆரம்பித்தேன். அமரர் கலியமூர்த்தி. "சரி," என்றான் சரவணன். மகள் வளர்மதி என்று படித்ததும் என் குரல் நின்றுவிட்டது. கடையில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்று இன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை.

"அம்மா," என்றேன் அந்தப் பெண்ணைப் பார்த்து. "தம்பி கல்யாணப் பத்திரிகையில உங்க பேரு விட்டுப்போனது என்னாலதான். உங்கப்பா கடைசி வரியா போடச் சொன்னாரு. போட்டேன். படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டாரு. நான் படிக்கல. படிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா மெஷின் தப்புன்னாரே?"

"நான்தான் அப்படிச் சொன்னேன்."

"ரெண்டாவது தடவை வந்தப்ப புதுக் கார்டை நீட்டிக்கிட்டு, மெஷின் தப்பும்மா, மெஷின் தப்பும்மான்னு அதையேதான் சொன்னாரு. நான் கேட்டேன், நாப்பது பேரை விட்டுட்டு என் பேரை மட்டும் பார்த்து எடுக்கிற மெஷின் எதுப்பான்னு. அவருக்குப் பதில் தெரியல. முழிச்சாரு. பங்காளிங்க சொல்லித் தானே எடுத்துட்டு, இப்ப மனசு கேக்காம பொய் சொல்றாருன்னு நினைச்சேன்." புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருங்க. கோவக்காரரு, ஆனா பொய் சொல்ல மாட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு தடவை வந்தாரு. நான் வெளிய வரல."

சரவணன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"அது எப்படிங்க," என்று கேட்டாள், "என் பேரு மட்டும் போகும்?"

அந்தப் பழைய ஃபைலை நான் அழிக்கவில்லை. திறந்தேன். ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டேன். அப்போதுதான் உட்கார்ந்தாள். சின்னப் பெட்டியைத் திறந்து கடைசி வரியைக் காட்டினேன். வளர்மதி – அருள்தாஸ், கீழ்வேளூர். "இந்த இடத்தைத்தான் உங்கப்பா விரல் வச்சுத் தொட்டாரு," என்றேன். பெட்டியை மூடினேன். கட்டம் நாற்பது பேரோடு நின்றது. அடியில் அந்தச் சின்னச் சிவப்புக் குறி. கட்டத்தைக் கையால் பிடித்து ஒரு விரற்கடை கீழே இழுத்தேன். அவள் பெயர் வந்தது. விட்டேன். போய்விட்டது.

"இன்னொரு தடவை காட்டுங்க," என்றாள்.

இழுத்தேன், வந்தது. விட்டேன், போனது. மூன்றாவது தடவை அவளே மவுஸை வாங்கி இழுத்துப் பார்த்தாள். பெயர் வந்ததும் கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதை அன்னைக்கு எங்கப்பாவுக்குக் காட்டியிருந்தா, அவரு வந்து எனக்குச் சொல்லியிருப்பாரேம்மா."